ஒன்பதாம் நாளில் தவறிய மாதச் சவால் குறித்து

வணக்கம். 5 மணிக்கு எழுவது, சர்க்கரையை விடுவது, தினமும் 20 பக்கம் படிப்பது ஆகிய மூன்றையும் ஒரே மாதத்தில் தொடங்கி, ஒன்பதாம் நாள் தவறியதால் மீண்டும் முதலிலிருந்து எண்ண வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நிகழும் நிலையை எட்ட ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை ஆகலாம் என்று மதிப்பிடப்பட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. ஆகவே ஒரு மாதம் என்பது வெறும் வெள்ளோட்டம்தான். முதலில் சர்க்கரையை விடுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் காலைக் காப்பியில் போட்டுவந்த இரண்டு கரண்டியை வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தேன். மூன்றாம் வாரக் கசப்புதான் (முகம் சுளிக்காமல் குடித்தேன் என்று சொல்லமாட்டேன்) கடினமாக இருந்தது. இரவு பன்னிரண்டு வரை கைப்பேசி பார்ப்பதாக நீங்களே எழுதியிருப்பதால், 5 மணிக்கு எழுவதை இப்போது தொடவே வேண்டாம்.