புது வீட்டுச் சுவருக்குச் செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு செய்யலாமா?

கேள்வி கேட்டவர் புதிதாகக் கட்டும் வீட்டின் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் பெயின்டுக்குப் பதிலாக, செட்டிநாட்டு வீடுகளில் உள்ளதுபோல் பளபளக்கும் சுண்ணாம்புப் பூச்சு செய்ய விரும்புகிறார். சிமென்ட் பூசி, பட்டி (பெயின்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கும் மாவுப் பூச்சு) பார்த்து முடித்த சுவர் மேலேயே அதைச் செய்து தருவதாக ஒப்பந்தக்காரர் சொல்கிறாராம். நம்பலாமா, நாள்பட நிற்குமா என்று கேட்கிறார்.

பூச்சைத் தாராளமாகச் செய்யுங்கள். பட்டி பார்த்த சுவர் மேல் மட்டும் செய்யாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுத்தால் மற்ற செலவெல்லாம் வீண்.

காரைக்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் முகப்புக்கும் கூடத்துக்கும் இந்தப் பூச்சுதான். வேலை நடந்தபோது கொத்தனாரின் பக்கத்திலேயே நின்று பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ காளவாயில் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுடும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. சுட்டதைத் தண்ணீரில் நீற்றி, அரைத்து, சுவரில் பூசிய பிறகு, காற்றிலிருந்து அதே வாயுவை இழுத்துக்கொண்டு அது மறுபடியும் கல்லாகிறது. மேற்பரப்பில் தொடங்கி உள்ளே போக இதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். அதுவரை பூச்சில் இலேசான ஈரம் இருக்க வேண்டும். ஈரம் அவசரமாகப் போய்விட்டால் கல்லாகாமல் வெறும் பொடியாக நின்றுவிடும். ஆகவே அடியில் இருக்கும் சுவர் கொஞ்சம் தண்ணீரைக் குடித்து, மெதுவாக வெளியே விட வேண்டும். சொரசொரப்பாகவும் இருக்க வேண்டும், பிடிப்பு அதில்தான் வருகிறது. பட்டி பார்த்த சுவரில் இந்த இரண்டுமே கிடையாது. தெரிந்தவர் ஒருவர் வீட்டில் பட்டியின் மேலேயே மெல்லியதாகப் பூசித் தேய்த்துக் கொடுத்தார்கள். முதல் மாதம் கண்ணாடியாக மின்னியது. ஒரு மழைக்காலம் போனதும் ஏடு ஏடாகப் பெயர்ந்து வந்தது.

உங்கள் சுவரில் பட்டி ஏற்கெனவே ஏறிவிட்டது என்றால், அதைச் சுரண்டி எடுத்து, சிமென்ட் பூச்சையும் கொத்திவிட்டு, செங்கல் தெரியும் நிலையிலிருந்து சுண்ணாம்புக் காரையாகவே ஏற்றி வருவது நல்லது. அத்தனை வேலைக்கு மனம் இல்லையென்றால் கூடத்தில் ஒரே ஒரு சுவரைத் தேர்ந்தெடுங்கள். வீடு முழுக்க அரைகுறையாகச் செய்வதைவிட, முறையாகச் செய்த ஒரு சுவர் எத்தனையோ மேல்.

கடைகளில் டப்பாவில் இத்தாலியப் பூச்சு என்று விற்பதைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். வெனிஸ் நகரத்து அசல் மார்மொரினோ சுண்ணாம்பும் பளிங்குக்கல் பொடியும் கலந்தது, நம்முடையதற்கு உறவுதான். மொராக்கோவின் மராகேஷ் நகரத்தில் தடெலாக்ட், ராஜஸ்தானில் ஆராயிஷ் என்று இதே குடும்பத்தில் இன்னும் பல உண்டு. ஆனால் டப்பாவில் வருவது அக்ரிலிக் பசை சேர்த்ததாகவும் இருக்கலாம். டப்பாவின் பின்னால் என்ன பொருள் என்று படித்துப் பாருங்கள். அக்ரிலிக் என்றிருந்தால் அது அழகான பெயின்ட், அவ்வளவுதான். அதைப் பட்டி மேல் பூசலாம், ஆனால் சுண்ணாம்பின் விலை கொடுக்காதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியில் குறைந்தது இரண்டு வாரமாவது ஊற விட வேண்டும். மாதக்கணக்கில் ஊறினால் இன்னும் விசேஷம். நீறாத சின்னக் கட்டி உள்ளே தங்கினால் பிறகு சுவரில் நீறிப் பருத்து, அம்மைத் தழும்பாகக் குழி விழும். முதல் பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு வரை சலித்த மணல். அடுத்தது அதைவிட நயமான மணலோடு. அதற்கு மேல் வெள்ளைக்கல் பொடியும் சுண்ணாம்பும். கடைசியில் அம்மியிலோ கிரைண்டரிலோ மைபோல் அரைத்த சுண்ணாம்பு விழுது. ஒவ்வொன்றும் போதிய அளவு இறுகிய பிறகே அடுத்தது. இரண்டு நாளில் எல்லாப் பூச்சும் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைக் காரையில் சேர்ப்பது பழைய வழக்கம். கடுக்காயின் துவர்ப்பும் வெல்லத்தின் சர்க்கரையும் கலவைக்கு இழைவு கொடுத்து, தண்ணீரைப் பிடித்து வைத்து, இறுக்கத்தைத் தாமதப்படுத்துகின்றன. கடைசி விழுதில் முட்டையின் வெள்ளைக்கரு சேரும். மஞ்சள் கரு துளிகூட விழக் கூடாது, அதில் எண்ணெய்ப் பசை உண்டு. முட்டை ஆகாத வீடுகளில் சோப்புத் தண்ணீர் தேய்த்துக்கொள்ளலாம். மராகேஷில் ஆலிவ் எண்ணெய்ச் சோப்பு தேய்த்துத்தான் குளியல் மண்டபங்களின் சுவரில் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். சோப்பு சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத பொருளாக மாறிவிடுகிறது.

தேய்க்கும் வேலையைக் கண்ணால் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். எங்கள் கொத்தனார் கடைசி விழுதை இழுத்துவிட்டு உடனே தேய்க்கவில்லை. அவ்வப்போது விரலின் பின்பக்கத்தை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரல் தடம் பதியக் கூடாது, ஆனால் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். அந்தப் பதம் வந்ததும் ஓர் உருண்டைக் கூழாங்கல்லை எடுத்து, உள்ளங்கையால் அழுத்தி, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார். முதலில் கறுப்புக் கோடு விழுவதுபோல் தெரிந்தது. அடுத்த சுற்றில் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் சுவர் வியர்த்தது. உள்ளேயிருந்து மணி மணியாக நீர் வந்து நின்றது. அதை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, மறுபடி தேய்த்தார். மறுநாளும் வியர்த்தது, மறுநாளும் துணி. இந்தப் பளபளப்பில் வார்னிஷும் மெழுகும் எதுவும் இல்லை. சுண்ணாம்பு அழுந்தி நெருங்கியதால் வந்த பளபளப்பு. ஆள் சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் பேசுவதற்கு முன், அவர் மூன்று நான்கு வருஷத்துக்கு முன்னால் செய்த சுவரைக் கேட்டுப் போய்ப் பாருங்கள். நேற்று முடித்த சுவரைப் பார்த்துப் பயனில்லை.

நிறம் வேண்டுமானால் செம்மண் காவி, மஞ்சள் காவி, கரி போன்ற மண், கனிமப் பொடிகளே சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். துணிச் சாயம், சாதாரண பெயின்ட் கலவை எல்லாம் வெளுத்துப் போகும்.

ஒரு சின்ன சோதனை சொல்கிறேன். பூச்சின் மறைவான மூலையில் கொஞ்சம் சுரண்டி எடுத்த தூளில் மஞ்சள் தண்ணீர் விடுங்கள். ஆலத்தித் தட்டில் பார்ப்பதுபோல் சிவந்தால் உள்ளே இன்னும் பச்சைச் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். மஞ்சளாகவே நின்றால் கல்லாகிவிட்டது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆலம் கரைத்துச் சுற்றும்போது பச்சைச் சுவரில் தெறித்தால் கறை போகாது.

சமையலறை அடுப்புப் பக்கம் இது வேண்டாம். எலுமிச்சைச் சாறு, புளித் தண்ணீர், வினிகர், கழிப்பறை கழுவும் ஆசிட் எது பட்டாலும் சுண்ணாம்பு அரிக்கப்பட்டு மங்கிவிடும். தரையிலிருந்து ஓதம் (ஈரக்கசிவு) ஏறும் சுவரிலும் முதலில் ஓதத்தை நிறுத்திவிட்டுத்தான் பூச வேண்டும். இல்லாவிட்டால் உப்புப் பூத்து அடிப்பகுதி உதிரும். அதற்குப் பூச்சைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. கலவைக்குப் போர்வெல்லின் உப்புத் தண்ணீரும் ஆகாது. கட்டிலும் சோபாவும் சாய்ந்திருக்கும் இடங்களில் தலை எண்ணெய் படிந்து கறுக்கும், பலகையோ துணித் திரையோ வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு குளுகுளுவென்று ஆகிவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். கைவைத்தால் சுவர் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பழைய வீடுகள் குளிர்ந்திருப்பது கனத்த சுவர்களாலும் உயர்ந்த கூரையாலும் முற்றத்தாலும். ஒன்பது அங்குலச் சுவர் மேல் இந்தப் பூச்சு மட்டும் அந்தக் குளிர்ச்சியைத் தராது. அழகுக்காகவும் ஆயுளுக்காகவும் செய்யுங்கள், அதுவே போதுமான காரணம்.

சித்திரை, வைகாசி வெயிலிலும் ஆடிக் காற்றிலும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், ஈரம் ஓடிவிடும். மழை ஓய்ந்த தை, மாசி நல்ல காலம். மின்குழாய்களும் ஸ்விட்ச் பெட்டிகளும் முன்பே சுவரில் இறங்கிவிட வேண்டும். சாமி படம், கடிகாரம், காலண்டர் எங்கே வரும் என்று முடிவு செய்து அந்த இடங்களில் முன்கூட்டியே மரக்கட்டை பதித்துக்கொள்ளுங்கள், பிறகு ஆணி அடித்தால் சில்லுப் பெயரும். நீற்றும் இடத்தில் குழந்தைகளை விடாதீர்கள். சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். வேலை செய்பவர்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். பெயின்ட் செலவைப்போல் பல மடங்கு ஆகும், பெரும்பகுதி கூலி. சதுர அடி விலை பேசும்போது அடிப்பூச்சும் சேர்த்தா, மேல் தேய்ப்பு மட்டுமா என்று எழுதி வாங்குங்கள்.

பராமரிப்பு சுலபம். ஈரத் துணியால் துடைத்தால் போதும், சோப்புத் தூள் வேண்டாம். எங்காவது இடிபட்டுப் பெயர்ந்தால் அதே கலவையில்தான் ஒட்டுப்போட வேண்டும். அதனால் மீந்த விழுதை மூடியுள்ள வாளியில் போட்டு, மேலே விரற்கடை உயரம் தண்ணீர் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கரு சேர்ப்பதற்கு முன் எடுத்து வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. எந்தச் சுவர், எத்தனை பங்கு கல்பொடி, எவ்வளவு காவி என்று எழுதி அந்த மூடியிலேயே ஒட்டிவிடுங்கள்.