அத்தை பாலை நிறுத்தியது ஏன்?

கேள்வி: நாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறோம். கணவரின் ஒரு சம்பளம்தான். இரண்டு வருடத்துக்கு முன் 9,000 ரூபாயில் முடிந்த மளிகை இப்போது 13,000-ஐத் தொடுகிறது. மகன் காலேஜ் படிக்கும்போது ஆசைப்பட்டு வாங்கிய லாப்ரடார், டைகர், எங்களிடம்தான் இருக்கிறது. மகன் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான். தீனி மூட்டை, காலையில் அரை லிட்டர் பால், பிஸ்கெட், அடிக்கடி வயிற்றுப்போக்கு என்று டாக்டர் செலவு, எல்லாம் சேர்ந்து மாதம் 6,000. வீட்டில் எல்லாரும் முடிந்தவரை குறைத்துவிட்டோம். மாமியார்கூட ராத்திரிப் பால் வேண்டாம் என்று அவராகவே நிறுத்திக்கொண்டார், பெரிய மனசு. டைகரை யாருக்காவது கொடுத்துவிடலாமா? இல்லை, வேறு எதைக் குறைப்பது?

பதில்: மளிகை ஏறிவிட்டது, சம்பளம் ஏறவில்லை என்ற கடிதம் எனக்கு வாராவாரம் வருகிறது. எண்ணெய், பருப்பு என்று கணக்குப் போட்டு வழக்கமான பதிலை எழுதிவிடலாம். உங்களுக்கு அது பிறகு. முதலில், ‘அவராகவே நிறுத்திக்கொண்டார்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேச வேண்டும்.

வயதானவர்கள் சாப்பாட்டில் எதையும் சும்மா நிறுத்துவதில்லை அம்மா. நீங்களும் கணவரும் மளிகைச் சீட்டை வைத்துக்கொண்டு பேசுவது அவர் காதில் விழுந்திருக்கும். கையில் சம்பாத்தியம் இல்லாதவர், குடும்பத்துக்குத் தன்னால் ஆனது இது என்று தன் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டார். ஏன் அத்தை வேண்டாம் என்கிறீர்கள் என்று நீங்கள் கேட்டீர்களா? கடிதத்தில் இல்லை. அவர் பெற்ற பிள்ளைக்கு இது தெரியுமா? அதுவும் இல்லை. பெரிய மனசு என்று இரண்டு வார்த்தை பாராட்டிவிட்டு நாய்க்கு வந்துவிட்டீர்கள்.

அவர் மிச்சம் பிடித்துக் கொடுத்தது எவ்வளவு? ஆவின் நீலப் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய். ராத்திரி ஒரு டம்ளர், 150 மில்லி என்றால் 6 ரூபாய். மாதம் 180. உங்கள் 19,000 ரூபாய் செலவில் 180! டைகரின் பாலுக்கு மட்டும் மாதம் 600 போகிறது. இதை எழுதும்போது உங்களுக்கே உறுத்தவில்லையா?

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, நாளுக்கு 300 மில்லி பாலோ தயிரோ வேண்டும் என்கிறது. கறி, முட்டை அதிகம் தொடாத, ராத்திரி இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிற வயதில் அந்த டம்ளர் பால்தான் சத்து. இனிமேல் வேண்டுமா என்று கேட்காதீர்கள். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். ஆற்றிக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். டாக்டர் சொல்லி நிறுத்தியிருந்தால் அது வேறு விஷயம். அதையும் நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு வேடிக்கை, டைகருக்கு அந்தப் பாலே வேண்டியதில்லை. குட்டிப் பருவம் தாண்டிய நிறைய நாய்களுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது, வயிற்றைக் கலக்கும். நீங்கள் 600 ரூபாய்க்குப் பால் ஊற்றி, அதனால் வந்த வயிற்றுப்போக்குக்கு டாக்டரிடமும் பணம் கட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் பூச்சியா, வேறு எதுவுமா என்று காட்டுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் ராமையன்பட்டியிலேயே அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே கொண்டுபோனால் தனியார் கிளினிக் அளவுக்குச் செலவாகாது.

தீனியையும் பாதியாக்கலாம். மூட்டைத் தீனி பாதி, வீட்டில் வேகவைத்த சோறும் முட்டையும் கோழி ஈரலும் பாதி. ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். சுண்ணாம்புச் சத்து குறையாமல் இருக்க என்ன சேர்ப்பது என்று டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு கூடாது. அதனால் நம் குழம்புச் சோறும் கூடாது. வெந்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும். பிஸ்கெட்டை அறவே விடுங்கள், லாப்ரடார் எவ்வளவு வைத்தாலும் தின்னும், பிறகு மூட்டுவலிக்கு மருந்து தேட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியில் மட்டும் கை வைக்காதீர்கள். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய தேதிகளை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடத்துவது வழக்கம், விசாரித்துவிட்டுப் போங்கள்.

மளிகைக்கு அதிகம் சொல்லப் போவதில்லை. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. கார்டு இருந்தும் கௌரவம் பார்த்து வரிசையில் நிற்காத வீடுகளை எனக்குத் தெரியும். உங்கள் வீடு அதில் ஒன்றா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சமையல் எண்ணெயைச் சும்மாவே குறைக்கலாம், உடம்புக்கும் நல்லது.

டைகரைக் கொடுத்துவிடலாமா என்றால், கூடாது. மனிதர்களோடு பழகிய நாய்க்கு நடுவயதில் வீடு மாறுவது லேசில்லை. நல்ல இடம் என்று கொடுத்தது கடைசியில் தெருவில் நிற்கும். வீட்டுக்குள் கொண்டுவந்த உயிரைச் செலவு கூடிவிட்டது என்று வெளியே விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் செலவை நீங்களே சுமக்க வேண்டும் என்று யார் சொன்னது? வாங்கியவன் சம்பாதிக்கிறான். அவனிடம் ஏன் கேட்கவில்லை? பிள்ளையிடம் பணம் கேட்க உங்களுக்குக் கூச்சம். பாட்டி பாலை நிறுத்தியபோது அந்தக் கூச்சம் வரவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையே கூப்பிட்டுப் பேசுங்கள். டைகரின் தீனியும் டாக்டர் செலவும் இனி உன் கணக்கு, மாதம் 5-ஆம் தேதிக்குள் அனுப்பிவிடு என்று சொல்லுங்கள். பாட்டி பாலை நிறுத்திவிட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவன் கேட்கிற முதல் கேள்வி, ஏன் என்னிடம் முன்னாடியே சொல்லவில்லை என்பதாகத்தான் இருக்கும். அதற்கு உங்களிடம் என்ன பதில் இருக்கிறது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.