கர்ப்பப்பையையே எடுத்த பிறகு கரண்ட் எதற்கு?

அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தாயிற்று, பயாப்சியில் ஏதோ அபூர்வமான சார்கோமா (தசை, இணைப்புத் திசுவில் வரும் புற்றுநோய்) என்று வந்திருக்கிறது, கதிர்வீச்சுக்கு, அதாவது ஊரில் சொல்கிற 'கரண்ட்' வைக்கப் போவதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்லிக் குழப்பியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. நான் டாக்டர் இல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு அலைந்த மகள், அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டில் எந்த வகை, எந்த ஸ்டேஜ் என்று முதலில் பாருங்கள். என் அம்மாவுக்கு வந்தது கார்சினோசார்கோமா. பெயரில் சார்கோமா இருந்தாலும், கர்ப்பப்பையின் உள்சவ்வில் வரும் வீரியமான புற்றுநோயாகத்தான் இப்போது அதைப் பார்க்கிறார்கள். லியோமயோசார்கோமா கர்ப்பப்பையின் தசையில் வருவது, அது வேறு. முதல் இரண்டு ஸ்டேஜில் இருந்த 224 பெண்களை வைத்து ஐரோப்பாவில் நடந்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு இடுப்புக்குக் கதிர்வீச்சு கொடுத்ததில், கார்சினோசார்கோமா இடுப்புக்குள் திரும்ப வருவது குறைந்தது. லியோமயோசார்கோமாவில் அந்தப் பலன் இல்லை. ஆயுள் கூடியது என்று எதிலும் நிரூபணமாகவில்லை. எங்கள் டாக்டரும் இதை மறைக்கவில்லை. "கீமோதான் முக்கியம்மா, கரண்ட் அதுக்குத் துணை" என்றார்.

பாபநாசம் பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்கு லியோமயோசார்கோமா. அவருக்குக் கரண்ட் வைக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டார் பெரியப்பா. "அந்தப் பொண்ணுக்கு வைக்கலையே, உங்கம்மாவுக்கு மட்டும் எதுக்கு? காசு பிடுங்கத்தான்" என்று கூடத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டார். அத்தை, "கர்ப்பப்பையே போயாச்சு, இனிமே எதுக்குடி சூடு வைக்கணும்?" என்றாள். கர்ப்பப்பை போனாலும் அது இருந்த இடம் இருக்கிறதே! யோனியின் மேல்பகுதியும் நிணநீர்க் கணுக்களும் அங்கேதான் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத செல்கள் அங்கே தங்கியிருக்கலாம். நான் ஆஸ்பத்திரிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். உங்கள் அம்மாவின் வகைக்குத் தேவையில்லை என்று டாக்டர் சொன்னால் அதையும் அப்படியே கேளுங்கள். சந்தேகம் இருந்தால் பயாப்சி திசுவை வைத்திருக்கும் ஸ்லைடையும் (கண்ணாடித் தகடு) பிளாக்கையும் (மெழுகுக் கட்டி) வாங்கி, புற்றுநோய்க்கென்றே உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இந்த வகைகளில் அது ரொம்ப முக்கியம்.

கரண்ட் பொதுவாக வாரத்துக்கு 5 நாள், 5 வாரம் போல வரும். திருச்சியில் சித்தி வீட்டில் தங்கிப் போய்வந்தோம். மெஷினில் படுப்பது சில நிமிஷம்தான், வலியே இல்லை. ஆனால் அதற்கு முன்னால் தண்ணீர் குடித்து மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் குடல் மேலே தள்ளி நிற்கும். முந்தைய ஆளுக்கு நேரமாகிவிட்டால் அம்மா இரண்டு தொடையையும் இறுக்கிக்கொண்டு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருப்பார். அடிவயிற்றில் மார்க்கரால் கோடு போட்டு, அழியக் கூடாது என்றார்கள். தினம் மஞ்சள் பூசிக் குளிக்கிறவர், அத்தனை வாரமும் சோப்பும் மஞ்சளும் அந்தப் பக்கம் படாமல் சொம்பை மெதுவாகச் சாய்த்துக் குளித்தார். மூன்றாவது வாரம் வயிற்றுப்போக்கு வந்தது. பாலையும் கீரையையும் நிறுத்திவிட்டுக் குழைந்த மோர்சாதம் கொடுத்தோம். அசதி மட்டும் நெடுநாள் இருந்தது.

சிகிச்சைச் செலவு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் போனது. போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் சம்பா நெல்லைத்தான் நம்பியிருந்தோம். கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லை என்று குவித்துப் போட்ட நெல் மழையில் நனைந்தது. அப்புறம் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று எடுக்க மறுத்தார்கள். நனைய விட்டது யார்? அம்மா மெஷினில் படுத்திருக்க, அப்பா களத்தில் தார்ப்பாயை விரிப்பதும் சுருட்டுவதுமாகக் கிடந்தார். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் இன்னும் ஆறவில்லை.

இன்னொன்று. கரண்ட் முடிந்த பிறகு யோனி சுருங்கிப்போகலாம். அது சுருங்காமல் விரித்துவைக்க டைலேட்டர் என்ற சாதனம் உண்டு. வயதானவர்களிடம் இதைப் பேசவே கூச்சப்படுகிறார்கள். டாக்டர் உள்ளே பரிசோதிக்கவும் அந்த வழி தேவை, அதனால் நர்ஸிடம் நீங்களே கேளுங்கள். ஆண் பிள்ளையாக இருந்தால் அக்காவையோ சித்தியையோ கேட்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று வருஷம் செக்கப்பைத் தள்ளிப்போடாதீர்கள், நடுவில் ரத்தம் பட்டால் அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காமல் உடனே கூட்டிப்போங்கள்.