ஒரே பந்து, ஏழு குரல்

போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். ஒரு நாட்டுத் தொலைக்காட்சியின் உதைபந்தாட்ட வர்ணனை எவ்வளவு தரம் என்று அறிய வேண்டுமானால், அந்த நாடு தோற்கிற அன்று அதைக் கேளுங்கள் என்று. அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆகவே இந்த மாதம் முழுப் பக்கமும் பந்துக்கே. பல்வலிக்கும் வதிவிட அனுமதிக்கும் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுக்க வேண்டும்.

படம் எல்லாச் சனலிலும் ஒன்றுதானே ஐயா? பிறகு எதில் பார்த்தால் என்ன?
(வாசகர், சூரிச்)

படம் ஒன்றாக இருப்பதால்தான் இந்தக் கேள்விக்கே இடம் வருகிறது. உலகக் கிண்ணத்தில் மைதானத்துக் கமராக்களை ஒரே குழுதான் இயக்குகிறது. அது அனுப்புகிற படமும் மறுகாட்சியும்தான் எல்லா நாட்டுக்கும் போகின்றன. ஒரு நாட்டுச் சனல் தன்னுடையது என்று சேர்க்கக்கூடியது பெரும்பாலும் குரல் மட்டும்தான். அரிசி ஒன்று, உலை வேறு.

சுவிஸில் இருக்கிற எங்களுக்கு இது நல்லாக விளங்கும். நாங்கள் கட்டணம் கட்டுகிற ஒரே பொது ஒலிபரப்பு நிறுவனம், ஒரே ஆட்டத்துக்கு ஜெர்மனில் எஸ்ஆர்எஃப், பிரெஞ்சில் ஆர்டிஎஸ், இத்தாலியனில் ஆர்எஸ்ஐ என்று மூன்று பேரை உட்கார வைக்கிறது. அதற்குமேல் கேபிளில் ஜேர்மனியின் ஏஆர்டி அல்லது இசட்டிஎஃப், ஒஸ்திரியாவின் ஓஆர்எஃப், பிரான்ஸின் டிஎஃப்1, இத்தாலியின் ராய். ஒரு பெரிய ஆட்டத்துக்கு ஏழு குரல்கள் கிடைத்த நாட்களும் உண்டு. ஒரே கோர்னர் கிக்கை ஏழு பேர் சொல்லக் கேட்டால், யார் பார்க்கிறார், யார் தாளைப் பார்த்து வாசிக்கிறார் என்று அரை மணித்தியாலத்தில் பிடிபட்டுவிடும்.

ஒரு எச்சரிக்கை. சனல்கள் எல்லாம் ஒரே வினாடியில் வீட்டுக்கு வருவதில்லை. 2021 ஜூன் 28, புக்கரெஸ்டில் சுவிஸ் – பிரான்ஸ். மூன்றுக்கு ஒன்று என்று பின்னுக்கு நின்ற சுவிஸ், 81வது நிமிடமும் 90வது நிமிடமும் அடித்துச் சமப்படுத்தி, ஆட்டம் பெனால்டிவரை போனது. கடைசியாகப் பிரான்ஸின் எம்பாப்பே பந்தை வைத்துவிட்டு நிற்கிறார். எங்கள் வீட்டில் இணைய இணைப்பு, கீழ்வீட்டு இத்தாலியருக்குக் கேபிள். எம்பாப்பே இன்னும் ஓடத் தொடங்கவே இல்லை, கீழே கூரை பறந்தது. சுவிஸ் கோல்காப்பாளர் சொமர் பந்தைத் தடுத்ததை நான் பார்க்கும்போது அது எனக்குப் பழைய செய்தி.

தோற்கிற அன்று கேள் என்றீர்கள். அழுகிற குரலில் என்ன தரம்?
(வாசகர், லுட்சேர்ன்)

அழுகிறாரா, கணக்குச் சொல்கிறாரா என்பதில்தான் தரம். வெல்கிற அன்று யார் கத்தினாலும் இனிக்கும்.

1966 உலகக் கிண்ண இறுதியாட்டத்தை எடுங்கள், இங்கிலாந்து – மேற்கு ஜேர்மனி. மேலதிக நேரத்தில் இங்கிலாந்தின் ஹேர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்து வெளியே வந்தது. உள்ளே விழுந்ததா, கோட்டில் விழுந்ததா என்று இன்றைக்கும் சண்டை. நடுவர் எங்கள் சுவிஸ்காரர், பாசலைச் சேர்ந்த கொட்ஃப்ரீட் டீன்ஸ்ட். அவர் எல்லைக்கோட்டு நடுவரிடம் ஓடிப்போய்க் கேட்கிறார். ஜேர்மன் தொலைக்காட்சியில் வர்ணனை ரூடி மிக்கேல். தன் நாடு உலகக் கிண்ணத்தை இழக்கப்போகிற அந்தச் சில வினாடிகளில் அவர் சொன்னது ஏறக்குறைய இவ்வளவுதான்: "உள்ளே இல்லை. கோல் இல்லை. அல்லது கோலா? இப்போது எல்லைக்கோட்டு நடுவர் என்ன முடிவெடுக்கிறார்? கோல்!" சாபம் இல்லை, சதி என்ற பேச்சு இல்லை. கண்டதைச் சொன்னார், சந்தேகம் வந்ததும் அந்தச் சந்தேகத்தையும் சொன்னார், முடிவு வந்ததும் அதையும் சொன்னார். என் கணக்கில் நூற்றுக்கு நூறு.

அதே ஆட்டத்தில் பிபிசியின் கெனத் வுல்ஸ்டன்ஹோம் சொன்னது உலகத்துக்கே தெரியும். முடிந்துவிட்டதென்று நினைத்துச் சிலர் மைதானத்துக்குள் ஓடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஹேர்ஸ்ட் நாலாவது கோலைப் போட, "இப்போது முடிந்துவிட்டது" என்றார். அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அது வென்ற வீட்டுப் பாட்டு. அதே வினாடியில் அதே கோலை இங்கிலாந்தின் இன்னொரு சனலான ஐடிவியில் சொன்னவர் ஹியூ ஜோன்ஸ். அவர் என்ன சொன்னார் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?

சோதனையில் விழுந்தவரும் இருக்கிறார். பிரான்ஸின் வர்ணனையாளர் தியெரி ரோலான், 1976இல் சோஃபியாவில் பல்கேரியாவுடன் நடந்த ஆட்டத்தில், ஸ்கொட்லாந்து நடுவர் பெயரை நேரலையில் சொல்லி "நீங்கள் ஒரு அயோக்கியன்" என்றார். பிரான்ஸ் தோற்கக்கூட இல்லை, ஆட்டம் இரண்டுக்கு இரண்டு! ஆனால் அதே மனிதர்தான் 1998இல் பிரான்ஸ் கிண்ணம் வென்ற இரவு, "இதைப் பார்த்தபிறகு நிம்மதியாகச் சாகலாம், முடிந்தவரை தாமதமாக" என்றும் சொன்னார். சொன்னபடியே பதினான்கு வருடம் தாமதித்து 2012இல்தான் போனார். அவரை எனக்கு முழுதாக வெறுக்க முடியவில்லை.

பிரேசில் 2014இல் சொந்த மண்ணில் ஜேர்மனியிடம் ஏழுக்கு ஒன்று வாங்கியதே, அதை டிவி குளோபோவில் கல்வாவோ புவெனோ சொன்னதை மகன் யூடியூபில் போட்டுக் காட்டினான். 29வது நிமிடத்துக்குள் ஐந்து கோல். வாழ்நாள் முழுக்கக் கோலுக்குக் கத்தியே பெயரெடுத்த அந்த மனிதர், "இது உலாத்துகிற மாதிரி ஆகிவிட்டது" என்கிறார். ஜேர்மன்காரனுக்குப் பூங்காவில் நடை. அதைவிடச் சரியாக யார் சொல்ல முடியும்?

வர்ணனையாளர் வாயை மூடிக்கொண்டிருப்பதும் வர்ணனையா?
(வாசகி, லோசான்)

இதற்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

1985 மே 29. நான் அப்போது லுகானோவில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். நாட்டுக்கு வந்து எட்டு மாதம். தெரிந்த இத்தாலியன் இரண்டு சொல்: 'பியாத்தி' என்றால் தட்டுகள், 'சூபிதோ' என்றால் உடனே. சமையல்காரர் இரண்டு பேரும் ஜுவென்டஸ் வெறியர்கள். ஐரோப்பியக் கழகங்களுக்கான கிண்ணத்தின் இறுதியாட்டம், பிரசல்ஸ் ஹெய்சல் மைதானம், எதிரணி லிவர்பூல். சமையலறைக் கதவைத் திறந்து வைத்து, ஊழியர் சாப்பிடுகிற அறையின் சின்ன ரிவியில் ராய் சனலைப் போட்டிருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கவில்லை. நேரம் போகிறது, தொடங்கவில்லை. சமையல்காரர்கள் சத்தம் போடுவதை நிறுத்தினார்கள். ஒருவர் என்னிடம் வந்து, ஒன்றும் சொல்லாமல், நான் திறந்துவிட்டிருந்த தண்ணீர்க் குழாயைப் பூட்டினார். குரலை ஒழுங்காகக் கேட்பதற்கு. ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் பிந்தி ஆட்டம் தொடங்கியபோது அந்தக் குரல் பெயர்ப் பட்டியல் வாசிப்பதுபோல இருந்தது. கோல் விழுந்தது, குரல் ஏறவில்லை. மொழி தெரியாத எனக்கே விளங்கியது, ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்று.

அந்தக் குரல் புரூனோ பிசூல். ஆட்டத்துக்கு முன் நெரிசலில் மதில் இடிந்து 39 பேர் செத்தார்கள், 32 பேர் இத்தாலியர். முடிந்தவரை உணர்ச்சி கலக்காமல் ஆட்டத்தைச் சொல்கிறேன் என்று அவர் நேயர்களுக்கு முதலே அறிவித்திருந்தார் என்பதை மொழி படித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதே இரவு ஜேர்மனியின் இசட்டிஎஃப் ஒளிபரப்பையே நிறுத்தியது. ஒஸ்திரியாவின் ஓஆர்எஃப் வர்ணனை இல்லாமல் படத்தை மட்டும் விட்டு, இது விளையாட்டு நிகழ்ச்சி அல்ல என்று திரையில் எழுதிக் காட்டியது.

மூன்றும் சரிதான் என்று சொல்லி நழுவலாம். மாட்டேன். ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் மௌனமாகலாம்; அங்கே போயிருந்தது அவர்களுடைய பிள்ளைகள் அல்ல. இத்தாலியில் ரிவிக்கு முன்னால் தாய்மார் இருந்தார்கள், அவர்களுக்குத் தெரிந்த ஒரே குரல் பிசூலுடையது. அவர் எழுந்து போயிருக்க முடியாது. கத்தவும் முடியாது. 1986 முதல் 2002 வரை இத்தாலி அணியின் குரலாக இருந்தவர். அவர் காலத்தில் அந்த அணி ஒரு கிண்ணமும் எடுக்கவில்லை. 2025இல் காலமானார்.

தமிழில் வர்ணனை செய்தால் செந்தமிழா, பேச்சுத் தமிழா?
(வாசகர், ஓல்ட்டன்)

2022 கத்தார் உலகக் கிண்ணத்தை இந்தியாவில் ஜியோசினிமா என்ற இணையச் சேவை தமிழிலும் தந்தது. ஆக, கேள்வி வெறும் கற்பனை இல்லை.

எஸ்ஆர்எஃப் என்ன செய்கிறது பாருங்கள். ஆட்டம் நடக்கும்போது வர்ணனை எழுத்து ஜெர்மனில். இடைவேளைக்கு விசில் ஊதிக் கலையகத்துக்கு வந்ததும் பேச்சு சுவிஸ் ஜெர்மனுக்கு மாறிவிடும். யாழ்ப்பாணத்தில் மேடையில் ஒரு தமிழ், இறங்கியதும் வேறு தமிழ் என்று வளர்ந்த எங்களுக்கு இது அதிசயமே இல்லை. என் விருப்பமும் அதுதான்: பந்து ஓடும்போது சுருக்கமான எழுத்துத் தமிழ், பந்து நின்றதும் கதை.

வினைச்சொல் கடைசியில் வருகிற மொழி பந்துக்குச் சரிவராது என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். 1954இல் எங்கள் பேர்ண் நகரத்து வாங்க்டோர்ஃப் மைதானத்தில் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜேர்மனி ஹங்கேரியை வென்றபோது, ரான் என்ற ஜேர்மன் வீரரைப் பற்றி வானொலியில் ஹெர்பர்ட் சிம்மர்மன் சொன்னதைத் தமிழில் போட்டுப் பாருங்கள்: "பின்னாலிருந்து ரான் அடிக்க வேண்டும்... ரான் அடிக்கிறார்... கோல்! கோல்! கோல்! கோல்!" சொல் ஒழுங்குகூடப் பெரிதாக மாறவில்லை. தமிழுக்கென்றே செய்துவைத்தது போல இருக்கிறது. அதே ஆட்டத்தில் கோல்காப்பாளரைப் பார்த்து "உதைபந்துக் கடவுள்" என்று சொல்லித் தேவாலயக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

ஜேர்மன் சனலில் பெண் வர்ணனை வந்தால் என் மகன் சத்தத்தைக் குறைக்கிறான். நீங்கள்?
(ஒரு அம்மா, துன்)

இசட்டிஎஃப் 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் கிளவுடியா நொய்மனை உட்கார வைத்தபோது இணையத்தில் அவருக்கு விழுந்த வசையில் பாதி, ஆட்டம் தொடங்கமுதலே தயாராக இருந்த வசை. மகனிடம் ஒன்று கேளுங்கள்: அவர் எந்த வீரரின் பெயரைப் பிழையாகச் சொன்னார்? பதில் இருந்தால் குறைக்கட்டும்.

எல்லாம் சரி, உங்கள் வீட்டில் எந்தச் சனல்?
(வாசகி, பேர்ண்)

உண்மையைச் சொன்னால், பல வருடம் எந்தச் சனலும் இல்லை. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த காது எங்களுடையது. ரிவி வர்ணனையாளர் படத்தில் இருப்பதையே திரும்பச் சொல்வதாக எங்களுக்குத் தோன்றும். அதனால் ரிவியின் சத்தத்தை அடைத்துவிட்டு, பக்கத்தில் வானொலியைப் போட்டுக் கேட்டோம். குசினி மேசையில் பழைய பிலிப்ஸ் பெட்டி, அதன் ஏரியல் முறிந்து கம்பி கட்டியது.

அதில் ஒரு சங்கதி. வானொலி முந்திவரும், படம் சில வினாடி பிந்திவரும். என் மனைவிக்கு இது வசதியாகப் போய்விட்டது. வானொலி அவவின் காதோடு, சின்னச் சத்தத்தில். பேரன் தரையில் இருந்து ரிவியைப் பார்ப்பான். "இப்ப அடிப்பான் பார்" என்பா அவ. அடிப்பான். "இது வெளியில போகும்" என்பா. போகும். பெடியன் ஏழு வயதுவரை அம்மம்மாவை ஒரு சாத்திரக்காரி என்றே நம்பிக்கொண்டிருந்தான். கணக்குப் பரீட்சைக்கு முதல்நாள் வந்து, என்ன கேள்வி வரும் என்றும் கேட்டான்.