ஆரம்பக் கண்புரையைச் சொட்டு மருந்தால் கரைக்க முடியுமா?

இன்றுவரை அப்படி நிரூபிக்கப்பட்ட மருந்து கிடையாது. சோதனைகள் நடக்கின்றன.

கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் மங்குவதுதான் கண்புரை. லென்ஸில் நிறைந்திருக்கும் கிரிஸ்டலின் என்ற புரதம் வயதாக ஆக உருக்குலைந்து கட்டியாகத் திரள்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது வெளுப்பதைப் போலத்தான். லென்ஸுக்கு ரத்த ஓட்டம் இல்லை, நடுப்பகுதிப் புரதம் பிறந்ததிலிருந்து புதுப்பிக்கப்படுவதும் இல்லை. அதனால் கெட்டது அப்படியே தங்கிவிடும்.

2015-இல் லானோஸ்டெரால் என்ற பொருள் நாய்களின் கண்புரையைக் குறைத்ததாக ஆய்வு வந்தது. அதில் சொட்டோடு கண்ணுக்குள் ஊசியும் போட்டார்கள். செய்திகளில் இது பெரும்பாலும் விடுபட்டது! அறுவையில் எடுத்த மனிதப் புரையை வேறொரு ஆய்வில் லானோஸ்டெரால் கரைசலில் ஊறவைத்தபோது தெளியவில்லை.

மருந்து போய்ச் சேருவதே பெரிய சிக்கல். ஒரு சொட்டு சுமார் 40 மைக்ரோலிட்டர். பெரும்பகுதி கண்ணீரோடு வழிந்துவிடும். 5 சதவீதத்துக்கும் குறைவாகவே உள்ளே நுழையும். புரையோ மெதுவாக வளர்வது. ஆகவே பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாச் சொட்டு என்று, யாருக்கு எது எனத் தெரியாமல் கொடுத்து, லென்ஸைப் படமெடுத்து நெடுநாள் ஒப்பிட்டால்தான் முடிவை நம்பலாம். ஆன்லைனில் விற்கும் 'புரை கரைக்கும்' சொட்டுகளுக்கு அந்த ஆதாரம் இல்லை.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலோ வேறெங்கோ பரிசோதனைக்கு முன் விடும் சொட்டு பெரும்பாலும் கண்மணியை விரிக்கத்தான், புரையைக் கரைக்க அல்ல.