உலகக் கோப்பை வென்ற வீரர் சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்குவது பின்னடைவா?

உச்சத்தில் ஆடிய ஒருவர் ஓய்வுக்குப் பின் சிறுவர் அணிக்குப் பயிற்றுநராவது பின்னடைவு அல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில் அதுவே சரியான தொடக்கம்; ஸ்பெயின் கால்பந்து வீரர் சாபி அலோன்சோ அதற்கு நல்ல சான்று. 2010-இல் ஸ்பெயின் அணியுடன் உலகக் கோப்பையை வென்று, 2017-இல் பயர்ன் மியூனிக் அணியில் ஆடி ஓய்வு பெற்ற அவர், 2018-19 பருவத்தில் ரியல் மாட்ரிட்டின் 14 வயதுக்குட்பட்டோர் அணியைப் பயிற்றுவித்தார்.

பந்தை எப்போது, எந்தப் பக்கம் அனுப்புவது என்பதை நின்று யோசிக்காமலேயே பல ஆண்டுப் பழக்கத்தால் அறிந்திருந்த ஒருவர், அந்த முடிவு ஏன் சரியானது என்பதைச் சிறுவனுக்குப் புரியும் எளிய சொற்களில் பிரித்துச் சொல்லப் பழக வேண்டியிருக்கிறது. ஆடுவதும் கற்பிப்பதும் வெவ்வேறு கலைகள். அதிலும் இந்த வயதில் எல்லா உடல்களும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. இன்று உயரத்தாலும் வலிமையாலும் முந்துகிறவனையே திறமைசாலி என்று கருதி, தாமதமாக வளர்பவனை ஒதுக்கிவிடாத பொறுமை பயிற்றுநருக்கு மிகவும் தேவை. (வெற்றிக்கே பழகியவருக்கு இது எளிதன்று.)

அலோன்சோ அவசரப்படவில்லை. 2019 முதல் ரியல் சோசியடாட்டின் இரண்டாம் அணியை நடத்தி, 2021-இல் அதை ஸ்பெயினின் இரண்டாம் பிரிவுக்கு உயர்த்தினார். 2022 அக்டோபரில் பொறுப்பேற்ற பயர் லெவர்குசன் அணி, 2023-24 பருவத்தில் ஒரு லீக் ஆட்டத்திலும் தோற்காமல் ஜெர்மன் லீக் பட்டத்தை முதன்முறையாக வென்றது.