பட்டணத்துப் பிள்ளைகளுக்கு என்ன குறை?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் பல வருடம் கணக்குப் பாடம் எடுத்தேன். கணவரின் வேலை காரணமாக மாறுதல் வாங்கிக்கொண்டு சென்ற கல்வியாண்டில் வட சென்னையில் ஓர் அரசுப் பள்ளிக்கு வந்தேன். அங்கே பிள்ளைகள் இரண்டு பஸ் மாறி வருவார்கள். வகுப்புக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பார்கள். இங்கே நடந்து வரும் தூரத்தில் பள்ளி, தெருவுக்குத் தெரு டியூஷன், நூலகம், மெட்ரோ ரயில், பக்கத்திலேயே கல்லூரிகள். ஆனாலும் முதல் பீரியடில் தூங்குகிறார்கள். என்னையே வா, போ என்கிறார்கள். பெற்றோரைக் கூப்பிட்டால் வருவதில்லை. மருத்துவம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று என் கிராமத்துப் பிள்ளைக்குக் கிடைக்கிற அதே 7.5 சதவீத ஒதுக்கீடு, எல்லா வசதியும் உள்ள சென்னைப் பிள்ளைக்கும் எதற்கு? இதைக் கேட்டால் ஆசிரியர் அறையில் சண்டைக்கு வருகிறார்கள். நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர். பதில் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள டீச்சர்,

கிராமத்துப் பள்ளியைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. உங்களிடம் வருவதற்கு முன்பே அந்தப் பிள்ளைகள் பாதி இழந்துவிட்டுத்தான் வருகிறார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும். வகுப்போ ஐந்து. ஒருவர் விடுப்பு எடுத்தால், பயிற்சிக்குப் போனால், மற்றவர்தான் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். அப்புறம் பத்தாவது முடித்த பெண், தான் விரும்பிய பாடப்பிரிவு எந்த ஊரில் இருக்கிறது என்று தேடுவதில்லை. கடைசி பஸ் எந்த ஊருக்கு இருக்கிறது என்றுதான் பார்க்கிறாள். இதெல்லாம் உண்மை.

ஆனால் சென்னை என்றாலே எல்லாம் இருக்கிறது என்கிறீர்களே, அங்கேதான் நான் நிற்கிறேன். 2025 பிளஸ் டூ தேர்ச்சியில் முதல் இடம் அரியலூர், 98.82 சதவீதம். அதே ஆண்டு பத்தாம் வகுப்பில் முதல் இடம் சிவகங்கை, 98.31. இரண்டு பட்டியலிலும் முதல் ஐந்து இடங்களில் சென்னை இல்லை. தேர்ச்சி விழுக்காட்டை வைத்துக் கல்வியின் தரத்தைச் சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் நூலகமும் மெட்ரோவும் பக்கத்தில் இருந்தால் பிள்ளை படித்துவிடும் என்ற கணக்கு எங்கோ இடிக்கிறது என்பதற்கு இது போதும். மெட்ரோ 2021-லேயே வட சென்னையில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. வந்து அந்தப் பிள்ளை எங்கே போக வேண்டும்?

உங்கள் முதல் பீரியட் தூக்கத்துக்கு வருவோம். இங்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடும். படகுக்காரர்கள் மட்டும் அங்கே பிழைப்பதில்லை. ஐஸ் உடைப்பவர், மீன் அறுப்பவர், கூடை தூக்குபவர், ஏலத்தில் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் அம்மா, எல்லாருக்கும் அது வேலை நேரம். அம்மா மூன்று மணிக்கு எழுந்து கிளம்பினால் ஒரே அறையில் படுத்திருக்கும் எல்லாரும்தான் எழுந்துகொள்கிறார்கள். தண்ணீர் பிடிப்பதும் தம்பியைக் குளிப்பாட்டுவதும் மூத்த பெண்ணின் பொறுப்பு. பையன் ஏலக் கூடத்துக்கே போய்விட்டு வந்திருப்பான். இரவில் சீக்கிரம் படுக்கலாமே என்பீர்கள். ஹவுசிங் போர்டு வீட்டில் பக்கத்து வீட்டு டிவி அணையும்போதுதான் நம் வீட்டிலும் தூக்கம் வரும். உங்கள் கிராமத்துப் பிள்ளைக்குத் திண்ணை இருந்தது, கோயில் மண்டபம் இருந்தது, புத்தகத்தை எடுத்துக்கொண்டு போக ஒரு புளியமரத்தடியாவது இருந்தது. இங்கே அமைதியாக உட்கார இடம் கிடையாது. 2024-இல் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் என்று ஒரு படிப்பிடம் திறந்தார்கள். நல்ல காரியம். அப்படி ஒன்று ஒவ்வொரு வார்டுக்கும் தேவை.

இன்னொன்றையும் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பள்ளி திறப்பது ஜூன் மாதம். வீட்டில் இரண்டு மாதமாகப் பெரிய வரும்படி இல்லாத நேரத்தில் நோட்டு, பை, செருப்பு, டியூஷன் முன்பணம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். சில பிள்ளைகள் ஜூன் கடைசியில்தான் பள்ளிக்கு வருகிறார்கள் என்றால் காரணம் சோம்பல் இல்லை. உங்கள் ஊரில் நடவுக்கும் அறுப்புக்கும் பிள்ளைகள் விடுப்பு எடுத்தபோது காரணம் கேட்காமலே உங்களுக்குப் புரிந்திருக்கும். இங்கே அந்தக் காலண்டர் உங்களுக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

தூரம் பற்றியும் சொல்ல வேண்டும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆறாம் வகுப்புப் பெண் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கடக்கிறாள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைத் தண்ணீர் நின்றால் சுற்றித்தான் வர வேண்டும். கிலோமீட்டர் குறைவு என்பதால் வழி சுலபம் ஆகிவிடாது.

எல்லாவற்றையும்விடப் பெரியது வீடு மாறுவது. கிராமத்தில் ஒரு பிள்ளை ஒன்றாவது சேர்ந்த ஊரிலேயே பெரும்பாலும் பத்தாவது வரை இருக்கும். இங்கே வாடகை ஏறினால் தெரு மாறுகிறார்கள். கரையோரத்துக் குடிசையை எடுத்தால் கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ, நகரத்தின் மறு கோடிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதுவும் பல முறை கல்வியாண்டின் நடுவில். டி.சி. வாங்கிப் புதுப் பள்ளியில் சேர்வதற்குள் அரையாண்டுத் தேர்வு முடிந்திருக்கும். சில பிள்ளைகள் கொஞ்ச நாள் அங்கிருந்தே பஸ்ஸில் பழைய பள்ளிக்கு வந்து பார்ப்பார்கள், பிறகு எங்குமே போகாமல் நின்றுவிடுவார்கள்.

இப்போது 7.5. கிராமத்துக்கென்று தனி ஒதுக்கீடு இங்கே ஏற்கெனவே இருந்ததுதான். 1990களின் பிற்பகுதியில் தொழிற்கல்விச் சேர்க்கையில் கிராமப்புற மாணவர்களுக்கு 15 சதவீதம் ஒதுக்கினார்கள். பிறகு அதை 25 ஆக உயர்த்தினார்கள். உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீங்கள் கேட்பது கிட்டத்தட்ட அதைத்தான். சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். கிராமத்துப் பள்ளி என்ற அளவுகோலில் அந்த ஊரின் மிராசுதார் மகனும் கூலிக்காரர் மகளும் ஒன்றாகிவிடுவார்கள், கொருக்குப்பேட்டைப் பிள்ளையும் அண்ணா நகர்ப் பிள்ளையும் இன்னொரு பக்கம் ஒன்றாகிவிடுவார்கள். 2020-இல் மருத்துவப் படிப்புக்கு வந்த 7.5 சதவீதச் சட்டம் ஊரைப் பார்க்கவில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாயா என்று மட்டும் கேட்டது. இரண்டில் இதுவே நேர்மையான கேள்வி என்பது என் கட்சி. உங்கள் ஊரிலேயே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மஞ்சள் வேனில் ஏறித் திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ போய்விடுகிறார்களா இல்லையா? மிஞ்சியிருப்பவர்கள்தான் உங்களிடம் படித்தார்கள். இங்கேயும் மிஞ்சியவர்கள்தான்.

அந்தச் சட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு, அது வட சென்னையைத்தான் அதிகம் கடிக்கிறது. இங்கே பழைய அரசு உதவி பெறும் பள்ளிகள் நிறைய. வீடு மாறிய ஒரு பெண் ஏழாவதில் தெருமுனையில் இருக்கும் உதவி பெறும் பள்ளியில் சேர்ந்தால் 7.5 கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறாள். காலை உணவிலும் இதே கதை நடந்தது. திட்டம் 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கியது. கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில் போனது. நகரத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டில்தான் வந்தது. ஒரு வருடத்துக்கு மேல், நகரம் என்ற ஒரே காரணத்துக்காகத் தண்டையார்பேட்டைப் பிள்ளை வெறும் வயிற்றோடு காலைப் பாடம் கேட்டது. பட்டணத்துப் பிள்ளைக்கு என்ன குறை என்று கோட்டையில் யாரோ உங்களைப் போலவே நினைத்திருப்பார்கள் போல. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வா, போ விஷயத்தில் நீங்கள் வீணாக வருந்துகிறீர்கள். வீட்டில் பாட்டியையே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பெற்றோர் வராததற்குக் காரணம் மரியாதைக் குறைவு இல்லை, கூட்டம் வேலை நாளில் பகல் நேரத்தில் நடக்கிறது. வந்தால் அன்றைய கூலி போகும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் என்று சட்டம் சொல்கிறது. நேரத்தை அவர்களே குறிக்கட்டும், ஞாயிறு மாலை என்பார்கள், கூட்டமும் சேரும். கிராமத்தில் நீங்கள் பஸ் ஸ்டாப்பிலேயே பெற்றோரைப் பார்த்திருப்பீர்கள். இங்கே பார்க்க வேண்டுமென்றால் மாலை ரயிலைப் பிடிக்காமல் ஒரு நாள் தங்கி அந்தத் தெருவுக்குள் நடந்து வர வேண்டும். சொல்லப்போனால் கிராமங்களிலும் இப்போது ஆசிரியர்கள் டவுனிலிருந்துதான் வந்து போகிறார்கள், அங்கேயும் இந்த இடைவெளி வரப்போகிறது.

கணக்கு டீச்சர் என்பதால் கடைசியாக ஒன்று கேட்கிறேன். டைம்டேபிள் போடும்போது கணக்கை முதல் பீரியடிலிருந்து மூன்றாவதுக்கு மாற்ற முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் பேசிப் பாருங்கள். பணம் கேட்கிற எதையும் ஜூனில் கேட்காமல் ஜூலைக்குத் தள்ளச் சொல்லுங்கள். நடு வருடத்தில் டி.சி. கேட்டு வருகிற அம்மாவிடம், போகும் ஊரில் அரசுப் பள்ளி எது என்று விசாரித்து எழுதிக் கொடுங்கள், 7.5 விஷயத்தையும் சொல்லிவிடுங்கள். நிறையப் பேருக்கு அது தெரியாது.

அன்புடன்.